நாறினால் நலம்!

மணமேல்குடியில் ஒரு வீடு, ஒரு நாட்டு நாய், ஏழு வருடப் புதிர்கள்

"வந்துட்டாம் பாருங்க, எங்க போயிப் பொரண்டானோ! ஏய், வாசலோட நில்லு. உள்ள வந்தே, தொடப்பம் பிஞ்சுரும்!"

காலை ஆறரை மணி. போட்ட கோலத்தின் ஈரம் இன்னும் காயவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மா வாசலை மறித்து நிற்கிறார். எதிரே செவலை. முதுகில் கரும்பச்சையாக எதுவோ அப்பியிருக்கிறது. கழுத்தில் நாலைந்து மீன் செதில் மின்னுகிறது. தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிட்ட நாற்றம். ஆனால் அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டில் சந்தனம் பூசிக்கொண்டு திரும்பும் பெரியவர் மாதிரி அப்படி ஒரு நிறைவு.

வாரத்துக்கு இரண்டு முறையாவது மணமேல்குடியில் எங்கள் வீட்டு வாசலில் இது நடக்கும். குழாயடி, சோப்பு, தேங்காய் நார், அப்பாவின் வசவு எல்லாம் முடிந்து செவலை பளபளவென்று ஆகும். உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பி எங்கள் எல்லோரையும் நனைக்கும். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் ஆள் இருக்காது. கரைக்குப் போயிருக்கும். மறுபடி ஒரு செத்த மீனைத் தேடி.

நாய் வளர்க்கும் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு புதிர் உண்டு. படுப்பதற்கு முன் எதற்கு மூன்று சுற்று? ஆம்புலன்ஸ் போனால் எதற்கு ஊளை? பதில் தெரியாதபோது நாம் கைவசம் வைத்திருப்பவை மூன்றே விளக்கங்கள். "அதுக்குத் திமிரு." "அதுக்குப் பேய் தெரியுது." "அதுக்கு எல்லாம் தெரியும், வாய்தான் இல்ல." செவலையோடு ஏழு வருடம் இருந்ததில் மூன்றுமே சரியில்லை என்று தெரிந்துகொண்டேன். கற்றுக்கொடுத்தது கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் கடற்கரை, கடைசியாக ஒரு காய்ச்சல்.

புயல் விட்டுப்போன குட்டி

காட்டுமாவடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்து இந்த மாவட்டங்களைத் துவைத்துப்போட்டபோது, இங்கே அதிகம் செத்தது தென்னைதான். விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தும்போது ஒரு மட்டைக் குவியலுக்கு அடியில் மூன்று குட்டிகள் கிடந்தன. இரண்டில் உயிர் இல்லை. மூன்றாவது, கண் திறந்து பத்து நாள் ஆகியிருக்கும், அப்பாவின் பெருவிரலைப் பிடித்துச் சப்பியது. நிறத்தைப் பார்த்து அப்பத்தா வைத்த பெயர்தான் செவலை.

வளர்ந்த பிறகு அதனிடம் ஒரு பழக்கத்தைப் பார்த்தோம். தீபாவளி வெடிக்குக்கூட ஓரளவு தாங்கும். ஆனால் வாடைக் காலத்தில் காற்று ஒரு குறிப்பிட்ட குரலில் கீற்றுக்குள் நுழைந்தால் போதும், கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிவிடும். மழை இருக்காது, இடி இருக்காது, வெறும் காற்று. "அப்பாவுக்கு மேல நடிக்கிறான்" என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

நடிப்பு இல்லை. நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை ஒரு பருவம். அப்போது பழகிக்கொண்ட ஆளும் சத்தமும் வாழ்நாள் முழுக்கச் சொந்தம். அப்போது மிரண்டது லேசில் போகாது. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் நாய்களைப் பல ஆண்டு வளர்த்துக் கவனித்த ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதினார்கள். குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரண்டு மாதத்தில் நாலு பேர் கையில் கொடுத்து வாங்குங்கள், மிக்ஸி சத்தமும் வண்டிச் சத்தமும் பழகட்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். செவலைக்கு அந்த வயதில் கிடைத்த சத்தம் கஜா.

மணம் தெரிந்த குடி

ஊர்ப் பெயரிலேயே மணம் இருக்கிறது. அது எந்த மணம் என்று செவலையைத்தான் கேட்க வேண்டும்.

மனித மூக்கில் வாசனையை வாங்கும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம். நாய்க்கு 20 கோடிக்கு மேல் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அதோடு, நாய் மூச்சை விடும்போது காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாக வெளியே போகிறது. அதனால் முன்பக்கம் வாசனை கலையாமல் அடுத்த மூச்சில் தொடர்ந்து வருகிறது. மேல்வாயில் இன்னொரு தனி உறுப்பு வேறு. ஒரு கம்பத்தடியில் செவலை இரண்டு நிமிடம் நிற்கிறது என்றால் அது நமக்குச் சோம்பலாகத் தெரியும். அதற்கு அது காலைப் பேப்பர். நேற்று ராத்திரி யார் வந்தார்கள், ஆணா பெண்ணா, எந்தப் பக்கம் போனார்கள், எல்லாம் அங்கே இருக்கிறது. சங்கிலியைப் பிடித்து இழுப்பவர்கள் பேப்பரைப் பிடுங்குகிறார்கள்.

எங்கள் கரையில் அந்தப் பேப்பருக்குப் பக்கம் அதிகம். ஒரு பக்கம் கருவாடு காயும் பாய். ஒரு பக்கம் உப்பங்கழிச் சேறு. காற்று திரும்பும் காலத்தில் கடல்புல் குவியல் குவியலாகக் கரையில் ஒதுங்கி மக்கும். இந்தப் புல்லை மேய்ந்துதான் நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசு உயிர் வாழ்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழ்நாடு அரசு கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது இந்தப் புல்வெளிக்காகவும்தான். உலகத்துக்கு அது காப்பகம். செவலைக்கு, மக்கும் புல்லுக்குள் காரலும் சூடையும் சிக்கி அழுகிக் கிடக்கும் வாசனைக் கடை.

சரி, மோந்தால் போதாதா? ஏன் புரள வேண்டும்? முதலில் கழுத்தின் ஓரத்தைச் சாய்த்துத் தேய்க்கும். பிறகு தோள். பிறகு நாலு காலும் வானத்தைப் பார்க்க முழு முதுகும். ஓநாயும் அச்சு அசலாக இதே வரிசையில்தான் செய்கிறது. இரை தன்னை மோப்பம் பிடிக்காதபடி உடல் வாசனையை மறைத்துக்கொள்ளும் பழக்கம் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். இன்னொன்று எனக்குப் பிடித்தது. அமெரிக்காவின் இண்டியானாவில் உள்ள வுல்ஃப் பார்க்கில் ஓநாய்களைக் கவனித்தவர்கள், ஒன்று எங்கோ புரண்டுவிட்டு வந்ததும் மற்றவை அதைச் சூழ்ந்து மோந்து பார்ப்பதையும், அந்த வாசனைத் தடத்தைப் பிடித்துக்கொண்டு புறப்படுவதையும் பார்த்திருக்கிறார்கள். சேதி கொண்டுவருதல். பன்னீர் வாசத்தோடு யாராவது பஸ் ஏறினால் "எங்க கல்யாணம்?" என்று கேட்கிறோமே, அதுபோல. எந்த விளக்கம் முழுச் சரி என்று இன்னும் முடிவாகவில்லை. செவலை சேதியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறது. நாங்கள் குழாயைத் திறந்து அதை அழிக்கிறோம் என்று நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. புரள்வதால் நாற்றம் மட்டும்தான். தின்றால் கதை வேறு. வலையில் வந்து கரையில் எறியப்படும் பேத்தை மீனின் நஞ்சு மனிதனைப் போலவே நாயையும் கொல்லும். கெளுத்தி முள்ளும் திருக்கை முள்ளும் வாயிலும் காலிலும் ஏறினால் தானாக வராது. கரையோர வீடுகளில் நாயின் வாயைத் திறந்து பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.

சங்குக்குச் சங்கு

சாலையில் 108 போனால் போதும். செவலை எங்கே படுத்திருந்தாலும் எழுந்து உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடி ஒரு நீண்ட ஊளை விடும். கோயிலில் சங்கு ஊதினாலும் அப்படித்தான். நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும் இடத்தில் நம்மவர் தப்பாமல் சேர்ந்துகொள்வார்.

"சத்தம் காதக் குடையுது பாவம்" என்பார் அம்மா. காது வலித்தால் நாய் என்ன செய்யும்? காதை மடக்கி, வாலை இடுக்கி, இடத்தை விட்டு ஓடும். செவலை ஓடுவதில்லை. எழுந்து உட்கார்ந்து பாடுகிறது. ஓநாய்க்கு ஊளை என்பது தூரத்து உறவினரோடு பேச்சு. "நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?" ஏற்ற இறக்கத்தோடு நீண்டு வரும் எந்த ஒலியும், அது வண்டியில் இருந்து வந்தாலும் சங்கில் இருந்து வந்தாலும், நாயின் காதில் அந்தக் கேள்வியாக விழுகிறது. கேட்டவருக்குப் பதில் சொல்வதுதானே மரியாதை.

நாய் ஊளையிட்டால் சாவு விழும் என்பது அப்பத்தாவின் கட்சி. எத்தனையோ தடவை "சொன்னேன்ல" என்று நிரூபித்தும் இருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2008இல் வந்த 108 எந்த வீட்டு வாசலுக்குப் போகும்? உயிருக்குப் போராடுபவர் இருக்கும் வீட்டுக்கு. அதற்கு முந்தைய காலத்தில்? சாவு வீட்டில்தான் சங்கும் சேகண்டியும். நாய் அந்தச் சத்தத்துக்குத்தான் ஊளையிட்டது. கேட்ட ஊர் வரிசையை மாற்றிப் போட்டுக்கொண்டது. சும்மா ஊளையிட்டு யாரும் சாகாத ராத்திரிகளை எவரும் எண்ணி வைப்பதில்லை. இதை அப்பத்தாவிடம் சொன்னேன். "நீ படிச்சவன், பேசுவ" என்றார். ஆனாலும் அன்றிலிருந்து செவலை ஊளையிட்டால் அவர் முதலில் ரோட்டைத்தான் பார்க்கிறார்.

படகு வருவது எப்படித் தெரியும்?

மூன்று வீடு தள்ளி இருக்கும் மாமாவிடம் நாட்டுப்படகு இருக்கிறது. அவர் கரை சேர்வதற்கு அரைமணி முன்பே செவலை எழுந்து கடற்கரைக்குப் போய்விடும். பிடித்ததில் இரண்டு காரலை மாமா அதற்கு எறிவார். தெருவே மெச்சும் அதிசயம் இது. "அவனுக்கு ஞானதிருஷ்டிடா" என்று மாமாவே சொல்வார்.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு நாய் இருந்தது. பெயர் ஜேடீ. எஜமானி எந்த நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பினாலும் ஜன்னலடிக்குப் போய் நின்றுவிடும் என்றார்கள். ரூபர்ட் ஷெல்ட்ரேக் என்பவர் இதை மனத்தொடர்பு என்று வாதிட்டு, இப்படிப்பட்ட நாய்களைப் பற்றி 1999இல் ஒரு நூலே எழுதினார். உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் தன் குழுவோடு அதே நாயைச் சோதித்து, அது அடிக்கடி ஜன்னலுக்குப் போகிறது, எஜமானி கிளம்பிய கணத்தை அது கண்டுபிடித்ததற்கு ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னார்.

நானும் ஒரு மாதம் நோட்டு வைத்துக் குறித்தேன். ஞானதிருஷ்டியில் ஓட்டை இருந்தது. பல நாள் செவலை வெறுங்கரைக்குப் போய் மண்ணை மோந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. படகோடு சேர்ந்து வந்த நாள்தான் நினைவில் நிற்கிறது. ஆனால் சரியாகப் போன நாட்களில் என்ன நடந்தது என்று பார்த்தபோதுதான் உண்மையான அதிசயம் புரிந்தது. அத்தை பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பார். மீன் வாங்க வருபவர்களின் டிவிஎஸ் வண்டிகள், பின்னால் ஐஸ் பெட்டியோடு, தெருவைக் கடக்கும். தாத்தா ஒருவர் திண்ணையை விட்டு எழுந்து வெயிலுக்குக் கையை வைத்துக் கிழக்கே பார்ப்பார். அவர் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் செவலையும் உட்காரும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டால் செவலை புறப்பட்டுவிடும்.

கொண்டல் வீசும் நாளில் படகு எஞ்சின் சத்தமும் காற்றோடு வரும். நமக்குக் கேட்பது விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான், நாய்க்கு 40,000ஐத் தாண்டிக் கேட்கும். வாரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள் வேறு, நாட்டுப்படகு நாள் வேறு. ஏப்ரல் 15இல் தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இந்த நாட்கணக்கெல்லாம் ஊரின் நடையில் தெரிகிறது, அந்த நடையைச் செவலை படிக்கிறது. நாங்கள் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திருட்டு முழி

ஒரு மத்தியானம் முற்றத்தில் காயப்போட்ட நெத்திலிக் கருவாட்டில் பாதியைக் காணோம். அம்மா இடுப்பில் கைவைத்துத் திரும்பினார். செவலை காதை மடக்கி, வாலை இடுக்கி, தலையைத் தொங்கப்போட்டு ஓரக்கண்ணால் பார்த்தது. "பாத்தீங்களா, திருட்டு முழிய! செஞ்ச தப்பு மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு." தீர்ப்பும் தண்டனையும் உடனே முடிந்தன. ராத்திரிச் சோறு கிடையாது.

சாயங்காலம் விறகுக் கட்டுக்குப் பின்னால் கருவாட்டோடு சேர்த்துப் பூனை பிடிபட்டது. அப்புறம் ஏன் செவலை அப்படி முழித்தது? அப்பாதான் சரியாகச் சொன்னார். "நீ கத்துன கத்துல நானே திருடுன மாதிரிதான் முழிச்சேன்."

நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வும் அப்பா சொன்னதைத்தான் சொல்கிறது. 14 நாய்களை வைத்துச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லிப் பண்டத்தை வைத்துவிட்டு எஜமானர் வெளியே போவார். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சில தடவை உண்மையும் சில தடவை பொய்யும் சொல்லப்பட்டது. தின்றதோ இல்லையோ, திட்டு வாங்கிய நாய்கள் எல்லாம் குற்றவாளி முகம் காட்டின. தின்னாமலே திட்டு வாங்கியவை இன்னும் அதிகமாகவே காட்டின. நாம் குற்ற உணர்ச்சி என்று படிப்பது, நம் கோபத்தைப் பார்த்து அது காட்டும் சமாதானக் கொடி.

அந்த முகம் நம்மை உருக்குவதற்கும் காரணம் இருக்கிறது. உள்புருவத்தைத் தூக்கிக் கண்ணைப் பெரிதாக்கும் ஒரு தசை நாய்க்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்க்கு அது அநேகமாக இல்லை என்று ஆய்வாளர் ஜூலியான் காமின்ஸ்கியின் குழு 2019இல் காட்டியது. மனிதரோடு வாழ்ந்து வாழ்ந்து வந்த முகம் அது. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் நாகசாவா, கிகுசுய் குழுவினர் 2015இல் இன்னொன்றைக் கண்டார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையே சுரக்கும் அதே சுரப்பு. அன்று ராத்திரி அம்மா செவலைக்கு இரண்டு பங்கு சோறு வைத்ததற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வால், வட்டம், வடக்கு

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழி சொன்ன நாம், அந்த வால் எந்தப் பக்கம் அதிகம் ஆடுகிறது என்று பார்த்தோமா? இத்தாலிய ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2007இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், வளர்ப்பவரைக் கண்டபோது வால் நாயின் வலப்பக்கம் கூடுதலாக ஆடியது. முன்பின் தெரியாத, முறுக்கிக்கொண்டு நிற்கும் நாயைக் கண்டபோது இடப்பக்கம். வால் ஆடினாலே சந்தோஷம் என்று நம்பிக் கையை நீட்டியவர்கள் கடி வாங்குவதும், குரைக்கிற நாய் கடிக்காது என்று நம்பியவர்கள் ஊசி போட்டுக்கொள்வதும் இந்த ஊரிலும் உண்டு.

படுக்குமுன் சுற்றுவது, புல்லையும் சருகையும் மிதித்துப் படுக்கை போட்ட முன்னோர் வழக்கத்தின் மிச்சம் என்பது பொதுவான ஊகம். வெயிலில் மணலைத் தோண்டுவதற்கு ஊகமே வேண்டாம். நாய்க்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் வேர்க்காது, அடிமண் குளிர்ச்சி. கழித்துவிட்டுப் பின்னங்காலால் மண்ணை வாரி இறைப்பது மூடுவதற்கு என்று நினைக்கிறோம். பாதத்துச் சுரப்பியின் வாசனையால் போடும் கையெழுத்து அது. புல் தின்றால் வயிறு கெட்டிருக்கிறது என்பதும் பாதிதான் சரி. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் நாய் வளர்ப்பவர்களிடம் நடத்திய பெரிய கணக்கெடுப்பில், புல் தின்னுமுன் நோய்க்குறி காட்டியவை பத்தில் ஒன்றுகூட இல்லை. தின்றபின் வாந்தியெடுத்தவை நாலில் ஒன்றுக்கும் கீழே.

எல்லாவற்றையும் விட வேடிக்கை திசைக் கதை. செக், ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களுக்குப் பின்னால் இரண்டு வருடம் அலைந்து, அவை மலம் கழித்த 1,893 தடவையும் எந்தத் திசையில் நின்றன என்று குறித்துவைத்தார்கள். பூமியின் காந்தப்புலம் சலனமில்லாமல் இருந்த நேரங்களில் நாய்கள் வடக்கு தெற்காக நிற்கவே விரும்பின என்று 2013இல் எழுதினார்கள். சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2014இல் அவர்களுக்குக் கிடைத்தது. இதைக் கேள்விப்பட்ட அப்பா, செல்போன் திசைகாட்டியோடு மூன்று நாள் செவலையின் பின்னால் நடந்தார். அது வடக்கையும் பார்க்கவில்லை, தெற்கையும் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்தது.

கல்லில் பெயர் பெற்ற நாய்

நாயை உற்றுப் பார்ப்பது வெளிநாட்டார் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நாய்க் குட்டியைக் குருளை என்றும் பெண் நாயைப் பாட்டி என்றும் சொல்லலாம் என மரபியலில் குறித்து வைத்தவர் தொல்காப்பியர். ஞமலி, ஞாளி என்று சங்கப் புலவர்கள் அழைத்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு. போரில் விழுந்த வீரனின் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து நின்றது என்று கல்வெட்டு அதன் செயலையும் சொல்கிறது.

எங்கள் ஊர், பாண்டியன் நின்றசீர் நெடுமாறனின் அமைச்சராக இருந்த குலச்சிறை நாயனார் பிறந்த ஊர். பக்கத்து ஆவுடையார்கோயில், இன்னொரு பாண்டிய அமைச்சரான மாணிக்கவாசகரை ஆட்கொண்ட திருப்பெருந்துறை. திருவாசகத்தில் அவர் தன்னைத் திரும்பத் திரும்ப நாயேன் என்று சொல்லிக்கொள்கிறார். தாழ்வுக்குச் சொன்ன சொல்தான். ஆனாலும் அடித்தாலும் வாசலை விட்டுப் போகாத பிராணியைப் பார்த்திருந்தால்தான் அந்தச் சொல் வரும். அதே கோயிலில் சுடுசோற்றின் ஆவிதான் நைவேத்தியம். வாசனையே விருந்தாகும் என்று ஒத்துக்கொண்ட மண்ணில் செவலையின் மூக்குக்கும் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம்.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பிறகு, டீக்கடை தோறும் நாய்ப் பேச்சுதான். அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ள ஒரு தகவல். கொல்கத்தா ஐசர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ராவின் குழு, 2020இல் வெளியான ஆய்வில், இந்திய நகரங்களின் 160 தெருநாய்களுக்கு முன் இரண்டு கிண்ணங்களை வைத்து ஒன்றைக் கைகாட்டியது. பாதி நாய்கள் பயத்தில் கிட்டவே வரவில்லை. துணிந்து வந்தவற்றில் ஐந்துக்கு நாலு, காட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் சொல்லித்தராமலே நம் விரலைப் படிக்கத் தெரிந்திருக்கிறது.

எது விளையாட்டு, எது வியாதி?

• பழைய பித்து பழையபடியே இருந்தால் கவலை இல்லை. புதிதாக ஒன்று முளைத்தாலோ, பழையது நின்றாலோ கவனியுங்கள். தலையைச் சுவரில் முட்டுவது, ஒரே பக்கமாக ஓயாமல் சுற்றுவது, தன் வாலையே கடித்துக் குதறுவது ஆகியவை வேடிக்கை இல்லை.

• ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தாலோ மஞ்சளித்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். காது மடல், விரல் இடுக்கு, வாலடி மூன்றிலும் வாரம் ஒருமுறை உண்ணி பாருங்கள்.

• சாதுவான நாய் காரணமின்றிப் பாய்ந்தாலோ, முரட்டு நாய் திடீரெனச் சாதுவாகி இருட்டில் ஒதுங்கினாலோ, குரல் மாறினாலோ, எச்சில் ஒழுகி விழுங்க முடியாமல் தவித்தாலோ வெறிநோயாக இருக்கலாம். தொடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

• கடித்தாலும் கீறினாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்குங்கள். சொன்ன தேதிகளில் எல்லாத் தவணையும் முடிக்க வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். வெறிநோய் அறிகுறி வந்தபின் பிழைப்பது அரிது.

• குட்டிக்கு மூன்றாவது மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் தொடருங்கள். சிக்கலான நோய்க்கு, 2012இல் தொடங்கிய ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி நம் பகுதிக்குப் பக்கம்.

செவலை நாறாத வாரம்

போன ஐப்பசி மழை விட்ட சமயம். தொடர்ந்து ஒரு வாரம் செவலை நாறவில்லை. அம்மாவுக்குச் சந்தோஷம். "வயசாகுதுல்ல, புத்தி வந்துருச்சு." குழாயடி காய்ந்து கிடந்தது. சோப்பு மிச்சம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

படுக்குமுன் சுற்றவில்லை, பொத்தென்று விழுந்தது. கவனிக்கவில்லை. 108 போனது, காது மட்டும் அசைந்தது. வீட்டில் அமைதி என்று சிரித்தோம். மாமா வந்து, "என்னப்பா, உங்க ஆளு ரெண்டு நாளா கரைக்கே வரல" என்றார். தாத்தா துண்டை உதறியும் திண்ணையடியில் படுத்தே கிடந்ததாம். எட்டாம் நாள் சோற்றை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. அப்பா உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெள்ளைத் துணி மாதிரி இருந்தது.

மருத்துவர் காய்ச்சல் பார்த்துக்கொண்டே, "எப்பலேர்ந்து?" என்றார்.

"நேத்துலேர்ந்து சாப்பிடல சார்."

"அதுக்கு முன்னாடி? ஏதாவது மாத்தம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "மீன்ல பொரளுறத நிறுத்தி ஒரு வாரம் ஆச்சு சார்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அதத்தான் தம்பி மொதல்ல சொல்லணும்."

உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து ரத்தத்தில் ஏறும் கிருமி, ரத்தத்தைச் சன்னமாக அரித்துக்கொண்டே போகும். காது மடலுக்குள் ஆமணக்கு விதை போல மூன்று உண்ணி ஒட்டியிருந்தது. வாரத்துக்கு இருமுறை குளிப்பாட்டும்போது தட்டுப்பட்டிருக்க வேண்டியவை. குளிப்பாட்டாத வாரத்தில் கொழுத்துவிட்டன. நாலு வாரம் மாத்திரை. அம்மா அதை இட்லிக்குள் வைத்துக் கொடுத்தார். முதல் வாரம் இட்லியைத் தின்று மாத்திரையைத் துப்பியது. பிறகு இரண்டையும் தின்றது.

இத்தனை வருடம் அதன் புதிர்களுக்கு விடை தேடி அலைந்த எனக்கு, அந்தப் புதிர்கள் ஒவ்வொன்றாக நின்றபோது தெரியவில்லை. நாய்க்கு வலி என்று சொல்ல வாய் இல்லை. தினம் செய்வதைச் செய்யாமல் விடுவதுதான் அது சொல்லும் வார்த்தை. அது நம் துண்டு உதறலைக்கூடப் படித்து வைத்திருக்கிறது. பதிலுக்கு நாம் படிக்க வேண்டியது பத்துப் பழக்கம்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு காலை. "வந்துட்டாம் பாருங்க, எங்க போயிப் பொரண்டானோ!" வசவு பழையதுதான். ஆனால் அம்மா வாசலை மறிக்கவில்லை. தானே குழாயைத் திறந்தார்.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டு நாய் செய்யும் கிறுக்குத்தனங்களை எல்லாம் எழுதுங்கள். எத்தனை சுற்று, எந்தச் சத்தத்துக்கு ஊளை, யார் வந்தால் எந்த மூலை. தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள்.

எங்கள் வீட்டில் அது நாள்காட்டிக்குப் பின்னால் தொங்குகிறது. முதல் வரி: செத்த மீன், வாரம் இரண்டு முறை.